ஏறாதவர் படம் ஏறாது

பிப்ரவரி 2

இசைத் தேர்வுக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

ஒரே குடைக்குள் நனைந்து, ஒரே பற்பசைக்குச் சண்டை போட்ட பெண்டாட்டிக்கு ‘அவர்களுக்கு’ என்று எழுதப் பேனாவுக்கே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது, விண்ணப்பம் தாளில்தான் வர வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். நீ வேலைக்காக அந்த ஊருக்குப் போனதிலிருந்து நமக்குள் போன்தான். அதில் பேசலாம் என்றால், போன தடவை நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அன்றிலிருந்து யார் முதலில் கூப்பிடுவது என்று இருவருக்கும் வீம்பு. கடிதம் எழுதுவது கூப்பிட்டதாக ஆகாது. ஆகையால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தீம் பார்க்கில் புதிதாகக் கட்டியிருக்கும் ரோலர் கோஸ்டருக்கு ஓர் இசைக் குழுவின் பெயரை வைக்கப்போகிறீர்களாம். வண்டியின் முகப்பில் குழுவின் படம், இருக்கையில் இருக்கும் ஸ்பீக்கரில் குழுவின் பாட்டு, எதிரே மேடையில் ஒரு வருடம் தினமும் மாலையில் கச்சேரி, தங்குவதற்கு வீடு. எல்லாம் படித்தேன். எங்கள் ஐவர் குழு இதன் மூலம் விண்ணப்பிக்கிறது.

எங்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் குழுவில் மற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். கீபோர்டும் குரலும் நான். கிட்டார், சித்தப்பா. அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. ஊர் அப்படிக் கூப்பிடுகிறது. மற்ற மூவரும் அவரவர் வாத்தியத்தில் கெட்டிக்காரர்கள். எத்தனையோ கல்யாணங்களில் வாசித்திருக்கிறோம். ஒருவர்கூட நிறுத்தச் சொன்னதில்லை.

சில சந்தேகங்கள் மட்டும் உண்டு. கொடுக்கிற வீடு எங்கே இருக்கிறது? உன் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரமா? எத்தனை அறை? குடும்பத்தோடு தங்க அனுமதி உண்டா?

ஐவர் குழுத் தலைவர்
(உன் வீட்டுக்காரன்)


பிப்ரவரி 9

ஐயா,

தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. அது குழுவின் பரிசீலனையில் உள்ளது. முடிவு உரிய காலத்தில் தெரிவிக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்

(தாளின் பின்பக்கம்)

என்னங்க,

முன்பக்கம் அலுவலகத்துக்கு, பின்பக்கம் வீட்டுக்கு. எங்கள் முதலாளி தாளை வீணாக்கினால் திட்டுவார்.

உங்கள் விண்ணப்பத்தைக் குழுவில் நானே படித்துக் காட்டினேன். ‘ஒருவர்கூட நிறுத்தச் சொன்னதில்லை’ என்ற இடத்தில் என் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டதற்கு எனக்குச் சம்பள உயர்வே தரலாம். பந்தியில் இருக்கிறவர்களுக்கு நீங்கள் வாசிப்பது கேட்டால்தானே நிறுத்தச் சொல்ல!

பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், வீட்டைப் பற்றி நான்கு கேள்வி. குடும்பத்தோடு தங்கலாமா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். எந்தக் குடும்பத்தோடு? உங்கள் அண்ணன் குடும்பமா?

போட்டிக்கு இதுவரை நான்கு பேர். முதலில் குயிலம்மா. பெரிய பாடகி, நாற்பது வருடக் குரல். வண்டி வட்டத்தில் சுற்றும்போது தலைகீழாகப் போகும் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். “என் மூஞ்சி தலைகீழா போறதா? நான் இதுவரைக்கும் யார் முன்னாடியும் தலை குனிஞ்சதே இல்ல, தெரியுமா?” என்றார். படத்தைக் கீல் போட்டுத் தொங்கவிட்டால் எப்போதும் நேராக இருக்குமா என்று முதலாளி கேட்டார். எங்கள் இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது, நீளமுடிப் பையன்கள் நால்வர். வண்டி கீழே பாயும்போது இரண்டு பக்கமும் நெருப்பு வேண்டுமாம். மூன்றாவது, டிரம்ஸ் வாசிக்கும் மூன்று சகோதரிகள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. வந்தார்கள், மேசையைத் தட்டிக் காட்டினார்கள், தண்ணீர் ஜாடி கீழே விழுந்தது, போய்விட்டார்கள். நான்காவது நீங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வண்டி இரண்டு நிமிடத்தில் போய்த் திரும்பிவிடும். உங்கள் பாட்டில் இரண்டு நிமிடத்தில் ஹம்மிங்கே முடியாது. யோசித்துக்கொள்ளுங்கள்.


பிப்ரவரி 15

பின்பக்கத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முன்பக்கத்துக்காரியை எனக்குத் தெரியாது.

வேகமான வண்டிக்கு வேகமான பாட்டு என்பது விவரம் இல்லாதவர்கள் பேச்சு. வண்டி சங்கிலியில் கடகடவென்று மேலே ஏறும்போது மனுஷனுக்கு என்ன கேட்க வேண்டும்? நிதானமாக, ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்பதுபோல் ஒரு ஹம்மிங். மேலே போய் ஒரு நொடி நிற்குமே, அங்கே பல்லவி. பிறகு விழ வேண்டியதுதான். சரணத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

வெறும் பேச்சு இல்லை, சோதனையே செய்து பார்த்துவிட்டோம். நாங்கள் வாசிக்கும் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறதல்லவா? பாத்திரம் ஏற்றும் தள்ளுவண்டியில் சித்தப்பாவை உட்காரவைத்து, மடியில் போனை வைத்து, எங்கள் பாட்டைப் போட்டுத் தள்ளிவிட்டோம். வண்டி வேலியில் போய்த்தான் நின்றது. அவரைத் தூக்கி நிறுத்தியபோது முழங்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “பாட்டு காதுல விழுந்துச்சான்னு தெரியல. ஆனா சாகப்போற நேரத்துல கேக்கவேண்டிய பாட்டுதான்டா இது.” இதைவிட நற்சான்று வேண்டுமா?

அண்ணன் குடும்பம் இல்லை. உனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம்தான். வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் என்றாவது எழுது. காலை வெயில் உள்ளே அடிக்காமல் இருந்தால் நல்லது.


பிப்ரவரி 24

ஐயா,

தேர்வுக் குழுவின் புதிய விதி ஒன்று கீழே தரப்படுகிறது.

‘ஏறாதவர் படம் ஏறாது.’ அதாவது, எந்தக் குழுவின் படம் வண்டியில் இடம்பெற வேண்டுமோ, அந்தக் குழுவின் தலைவர் முடிவுக்கு முன் ஒருமுறை அந்த வண்டியில் ஏறிப் பயணம் செய்தாக வேண்டும். நாள்: மார்ச் 14. விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம். விலகுவதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்

(பின்பக்கம்)

என்னங்க,

உங்களுக்கு எப்போதிலிருந்து காலை வெயில் ஆகாமல் போனது? நீங்கள் எழுந்திருக்கும்போது அது உச்சிவெயில் ஆகியிருக்குமே.

முன்பக்கத்தின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். காரணம் கூற வேண்டியதில்லை. யாரும் உங்களை ஒன்றும் நினைக்கமாட்டார்கள். ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைக்கும்போது நீங்கள் சுவரைக் கட்டிப்பிடித்து நின்றதும், நான் கை கொடுத்து இறக்கியதும் எனக்கு மறக்கவில்லை. நம் மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட நீங்கள் நடுவில் நின்றுகொண்டு துணியைத் தூக்கித்தான் எறிவீர்கள். இந்த வண்டி பனைமர உயரத்துக்கு மேலே போகிறது. அங்கே சுவர் கிடையாது.

குயிலம்மா விலகிவிட்டார். “என் குரல் ஏறும், நான் ஏறமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய ஆளே விலகியிருக்கிறார். நீங்களும் விலகினால் அவருக்குச் சமமாகத்தான் பேசுவார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 2

செயலாளருக்கும் வீட்டுக்காரிக்கும் பொதுவாக,

வருகிறேன். 14ஆம் தேதி ஏறுகிறேன்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் விலகிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒளிப்பானேன்? ‘பனைமரம்’ என்ற வார்த்தையைப் படித்ததுமே உள்ளங்கால் வேர்த்துவிட்டது. ஆனால் எனக்கு அந்த இடம் வேண்டும். எப்படியாவது வேண்டும். ஏன் என்று கேட்காதே.

பயிற்சி நடக்கிறது. முதல் நாள் மொட்டை மாடியின் ஓரம் வரை போனேன், தவழ்ந்து. மறுநாள் நின்றேன், கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் ஏதோ விபரீதம் என்று நினைத்துக் கீழேயிருந்து, “தம்பி, எதுவானாலும் பேசித் தீத்துக்கலாம்ப்பா, அவ வந்துடுவாப்பா!” என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. ரோலர் கோஸ்டருக்காகத்தான் நிற்கிறேன் என்று விளக்கிச் சொன்னதும் இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

குழுவில் மற்ற நால்வரும் துணைக்கு வருவார்களா என்று கேட்டேன். சித்தப்பா, “தலைவர் ஏறினா போதும்னுதானே விதி? விதிய மீறக் கூடாதுப்பா” என்றார். தள்ளுவண்டியில் ஏறியவர் என்பதால் அவரை வற்புறுத்தவில்லை.

14ஆம் தேதி வரும்போது அந்த வீட்டையும் ஒரு தரம் காட்டச் சொல்.


மார்ச் 8

ஐயா,

தங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது. காலை பத்து மணி. தளர்வான உடை அணியவும். வெறும் வயிற்றோடு வருதல் நலம்.

இப்படிக்கு,
செயலாளர்

(பின்பக்கம்)

வராதீர்கள்.

இதற்கு மேல் மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்துவிட்டேன். முதலாளி கேட்டால் தாளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வீடு சின்னது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. தயவுசெய்து வராதீர்கள். மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தபோதே என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.


மார்ச் 17

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். வலது தோளைத் தூக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை நீ அலுவலகத்துக்குள் இருந்துகொண்டு பார்க்காமல் விட்டாய் என்று இன்ஜினியர் சொன்னார். ஆகையால் எழுதுகிறேன். நீளமுடிப் பையன்கள் எனக்கு முன்னால் போனார்கள். வந்து இறங்கியதும் அந்தத் தலைவன் பையன் புல்லில் படுத்து, “நெருப்பெல்லாம் வேணாம்ணா, வீட்டுக்குப் போலாம்” என்று அழுதான். சகோதரிகளில் மூத்தவள் மூன்று தடவை ஏறினாள். பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் கம்பியில் தாளம் வேறு.

அப்புறம் நான். தனியாக ஏற்றக் கூடாது என்று உங்கள் கணக்கரைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நல்ல மனுஷர். சங்கிலி இழுக்க ஆரம்பித்ததும் நம் பாட்டின் ஹம்மிங்கைப் பாடிக்கொண்டே போகலாம் என்று திட்டம். ‘ம்’ என்று ஆரம்பித்தேன். அது பாதியில் ‘அம்மா’ ஆகிவிட்டது. மேலே ஒரு நொடி நின்றது. அங்கே பல்லவி என்று எழுதினேனே, பல்லவியாவது ஒன்றாவது! கணக்கரின் சட்டையைப் பிடித்தேன். கீழே வந்தபோது சட்டைப் பை என் கையில் இருந்தது.

இறங்கியதும் நேராக உங்கள் முதலாளியிடம் போய், “ஒரு தடவை போதுமா சார், இல்ல இன்னொரு தடவை ஏறணுமா?” என்று கேட்டேன். நிஜமாகவே ஏறியிருப்பேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, “போதும் தம்பி. இந்த விதி உங்க வீட்டம்மா யோசனைதான். முதல்ல எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. நல்ல விதிதான் போங்க” என்றார்.

உன் யோசனையாமே!

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். நான் எதற்குப் பயப்படுவேன் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதையே எடுத்து விதி போட்டிருக்கிறாள். பாட்டு பிடிக்கவில்லை என்றால், ‘உன் பாட்டு சரியில்லை’ என்று ஒரு வரி எழுதக் கூடாதா? அதைத் தாங்காதவனா நான்? தாங்கமாட்டேன்தான். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அப்புறம் சரியாகியிருப்பேன்.

நீ தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இன்னொன்று. நான் கேட்டது கோஸ்டரை இல்லை. வீட்டைத்தான் கேட்டேன். கடிதத்துக்குக் கடிதம் கேட்டேன். ‘நீ வந்தால்தான் ஆச்சு’ என்று நீயும் சொல்லவில்லை, ‘நான் வருகிறேன்’ என்று நானும் சொல்லவில்லை. பாட்டுக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டாவது உன் ஊரில் இருக்கலாம் என்று பார்த்தேன். அந்தக் குடும்பம் யார் என்று கேட்டாயே. நீதான்.


மார்ச் 22

ஐயா,

தேர்வுக் குழுவின் முடிவு: மூன்று சகோதரிகளின் டிரம்ஸ் குழு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. பங்கேற்றமைக்கு நன்றி. கணக்கரின் சட்டைக்கு இழப்பீடு தேவையில்லை என அவரே எழுதிக் கொடுத்துள்ளார்.

இப்படிக்கு,
செயலாளர்

(பின்பக்கம்)

என்னங்க,

ஓட்டெடுப்பு எப்படி நடந்தது என்று வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக் கூடாது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலாளி உங்களுக்குப் போட்டார். “மத்தவங்கல்லாம் பயமில்லாம ஏறினாங்க, இல்ல பயந்து ஓடினாங்க. இவ்வளவு பயத்த வெச்சுக்கிட்டு ஏறினவர் இவர் ஒருத்தர்தான்” என்றார். கணக்கரும் உங்களுக்கே போட்டார், கிழிந்த சட்டையோடு. இன்ஜினியரும் வாசல் பொறுப்பாளரும் சகோதரிகளுக்கு. இரண்டுக்கு இரண்டு. மிச்சம் இருந்தது என் ஓட்டு. கட்டினவரைப் பற்றி நான் எப்படி ஓட்டுப் போடுவது என்று கேட்டேன். “அதனாலதான் போடச் சொல்றேன். நீங்க தாட்சண்யம் பாக்கமாட்டீங்க” என்றார் முதலாளி.

உங்களுக்கு எதிராகப் போட்டேன்.

கோபப்படுங்கள், ஆனால் படித்து முடித்துவிட்டுப் படுங்கள். உங்கள் பாட்டு அந்த வண்டிக்குச் சரியில்லை. அந்த வரியை எழுதத் தைரியம் இல்லாமல்தான் விதியை எழுதினேன். நீங்களாகவே விலகிவிடுவீர்கள், உங்கள் மனசும் நோகாது, என் கையும் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தில் தீயைத்தான் வைக்க வேண்டும். நீங்கள் மேலே ‘அம்மா’ என்று கத்தியது அலுவலகத்துக்குள் கேட்டது. நான் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன், கோப்பு தேடுவதுபோல.

எதிராகப் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் நீங்கள் கோஸ்டருக்காக வந்தவர் ஆகிவிடுவீர்கள். நம் முதல் சண்டையிலேயே, “எனக்கு இங்க வேலை கிடைச்சதாலதான் வந்தேன், உனக்காக இல்ல” என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அதைக் கேட்க என்னால் ஆகாது.

கொடுப்பதாகச் சொன்ன வீடு சகோதரிகளுக்குப் போய்விட்டது. நான் இருப்பது மாடியில் ஓர் அறை, மூன்று மாடி ஏற வேண்டும், ஆனால் மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது. காலை வெயில் நேராக என் முகத்தில்தான் அடிக்கிறது, வெயில் பட்டால் எனக்குத் தலைவலி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ‘வெயில் அடிக்காமல் இருந்தால் நல்லது’ என்று நீங்கள் எனக்காகத்தான் எழுதினீர்கள் என்பது இந்த மரமண்டைக்கு இப்போதுதான் ஏறியது.

இங்கே உங்களுக்கு வேலை இல்லை. மேடை இல்லை. உங்களை யாருக்கும் தெரியாது. முதலில் கூப்பிடுவது யார் என்று வீம்பாக இருந்தோம். சரி, நானே கூப்பிடுகிறேன். வாருங்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு இங்கே நன்றாக இல்லை.


மார்ச் 30

எதிராகப் போட்டாயே, பாவி!

நான்கு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் அதை எத்தனை நாள்தான் தூக்கிவைக்க முடியும்? ஐந்தாவது நாளே இறக்கிவிட்டேன்.

குழுவைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னேன். கடைசி ஓட்டு யாருடையது என்றும் சொன்னேன். சித்தப்பா எழுந்து நின்று உனக்குக் கைதட்டினார். பின்னாலேயே மற்ற மூவரும். தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் தினமும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமே என்று இரண்டு மாதமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்களாம். என் மனசு நோகும் என்று சொல்லவில்லையாம். என்னைச் சுற்றி எல்லாரும் என் மனசைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் போய்விட்டால் கல்யாணங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “கொஞ்சம் வேகமா வாசிப்போம்” என்றார் சித்தப்பா. துரோகிகள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். பெட்டி கட்டும்போது பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, “வேலை கெடச்சுடுச்சா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கச்சேரி எதாவது?” அதுவும் இல்லை என்றேன். “அப்ப எதுக்குப்பா அவ்ளோ தூரம்?” என்றார்.

முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் ஏதாவது ஒரு காரணம் தேடியிருப்பேன். இந்தத் தடவை தேடவில்லை. “பொண்டாட்டி கூப்பிட்டா. போறேன்” என்றேன்.